அம்பாசிடர், பத்மினி: கதவுக்கும் டிக்கிக்கும் எந்த பீடிங்கைப் போடுவது?

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் கார் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே நின்றுபோனது. இவற்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு பிரேக், கிளட்ச் போன்ற உதிரிகள் தேடினால் கிடைத்துவிடுகின்றன. கதவையும் டிக்கியையும் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கை மாற்றப் போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால், வடிவத்திலும் கனத்திலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சுருள்கள் மேசைக்கு வரும்; எல்லாமே அம்பாசிடருக்குச் சேரும் என்றும் சொல்வார்கள். ஒரு வகையில் அது உண்மைதான், எந்தச் சுருளையும் அந்தக் கதவில் எப்படியாவது ஒட்டிவிட முடியும். ஒட்டிய பிறகு கதவு எப்படி மூடுகிறது, ஐப்பசி மழையில் உள்ளே கம்பளம் நனைகிறதா, ஐந்து ஆண்டுகள் கழிந்த பின் அந்த ரப்பர் என்ன நிலையில் இருக்கிறது என்பவற்றை வைத்தே தேர்வு செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் கதவுக்கு ஏற்றது ஒன்று, டிக்கிக்கு ஏற்றது வேறொன்று என்பதே என் முடிவு.

வாங்குவதற்கு முன், தண்ணீர் பீடிங் வழியாகத்தான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முன் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் காய்ந்துவிட்டால், அதன் கீழ் மூலையில் புகும் நீர் டாஷ்போர்டின் பின்புறமாக வழிந்து கால் வைக்கும் இடத்தில் தேங்கும். கதவோரம் ஈரமாக இருப்பதால் பழி கதவு பீடிங்கின் மேல் விழும். கதவுக்குள்ளேயும் இப்படி ஒன்று உண்டு. ஏறி இறங்கும் கண்ணாடிக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே மழைநீர் ஓரளவு இறங்கத்தான் செய்யும், அதை அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியேற்றும்படிதான் கதவே அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தாலோ, கதவின் உட்பக்கத்தை மூடும் டோர் பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் முன்பு நடந்த ஏதோ ஒரு வேலையில் கிழித்தெறியப்பட்டிருந்தாலோ, எவ்வளவு உயர்ந்த பீடிங்கைப் போட்டாலும் ஈரம் தீராது. ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் கதவின் அடியிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டு போனால், எந்த உயரத்தில் நீர் உள்ளே வருகிறது என்பது தெரிந்துவிடும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எதுவும் புலப்படாது.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது மூலப்பொருள். விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது, வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. இயற்கை ரப்பர் நன்றாக நெகிழும், நன்றாகத் திரும்பி எழும். ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி உடைக்கிறது. இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும் ரப்பரில் இந்தத் தாக்குதல் மிகுதி. பழைய பீடிங்கைக் கதவின் மேல் மூலையில் உற்றுப் பார்த்தால், வளைவின் வெளிப்பக்கத்தில், இழுபடும் திசைக்குக் குறுக்காக, நகத்தால் கீறியது போன்ற மெல்லிய வெடிப்புகள் வரிசையாகத் தெரியும். நேராகப் போகும் பகுதியில் அவை இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். 1960-களில் வணிக உற்பத்திக்கு வந்த இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்புகள் இல்லாததால், ஓசோனையும் வெயிலையும் அது மிக நன்றாகத் தாங்குகிறது. இன்றைய கார்களின் கதவு பீடிங்குகள் பெரும்பாலும் இபிடிஎம்மில் செய்யப்படுவது இதனால்தான். அதன் குறை, பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் பட்டால் உப்பிவிடும், பசையும் எளிதில் பிடிக்காது. நியோப்ரீன் என்னும் இன்னொரு செயற்கை ரப்பர், இயற்கை ரப்பருக்கும் இபிடிஎம்முக்கும் நடுவில் நிற்கும். எண்ணெயை ஓரளவு தாங்கும், பசை நன்றாகப் பிடிக்கும், வெயிலில் இபிடிஎம் அளவுக்கு நீடிக்காது.

மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பிவிசி. கடையில் புதிதாகப் பார்க்கும்போது அது மெத்தென்று பளபளப்பாக இருக்கும். அந்த மென்மையைத் தருவது அதில் கலக்கப்படும் பிளாஸ்டிசைசர். வெயிலில் நிற்கும் வண்டியில் அது சிறிது சிறிதாக வெளியேறிவிட, மீந்திருப்பது விறைத்துப்போன ஒரு பட்டை. வெளியேறிய அந்தப் பொருள் பெயின்டில் ஊறிப் பிசுபிசுக்கவும் செய்யும். வாங்கும்போது கண்டறிய எளிய வழி உண்டு: ஒரு துண்டை இரண்டாக மடித்து, விரலால் அழுத்திப் பத்து எண்ணும் நேரம் பிடித்திருந்துவிட்டு விட வேண்டும். நல்ல ரப்பர் சட்டென்று நிமிரும், பிவிசி தயங்கித் தயங்கி விரியும், மடிப்பின் தடமும் சிறிது நேரம் நிற்கும்.

இங்கே பழைய ஸ்டாக் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி முத்திரையோடு பிரிக்கப்படாத உறையில் ஒரு பீடிங் செட் கிடைத்தால் நம்மில் பலருக்கும் கை துறுதுறுக்கும். ரப்பர் உறைக்குள் இருந்தாலும் வயதாகும். முப்பது ஆண்டு அலமாரியில் கிடந்த இயற்கை ரப்பர், முகப்பு விளக்கையோ மீட்டரையோ போலப் புத்தம் புதிதாக இருக்காது. சுருட்டிக் கட்டியிருந்த வளைவிலேயே இறுகியிருக்கும். முழுமையான அசல் தன்மைக்காக வண்டியைக் கண்காட்சிக்குத் தயார் செய்பவர் வாங்கலாம். மழையில் ஓட்டப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புதுப்பேட்டையில் உடைக்கப்பட்ட வண்டிகளின் பீடிங்குக்கும் இதே நியாயம்தான், ஆனால் பீடிங்கைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டி நல்ல நிலையில் அங்கே கண்ணில் பட்டால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அதைப் புதிதாகச் செய்துதரச் சரியான ஆள் கிடைப்பது கடினம்.

இனி, எல்லாவற்றையும் விட முக்கியமானதற்கு வருகிறேன்: கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. அம்பாசிடரின் உடல் 1950-களில் இங்கிலாந்தில் தயாரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து வந்தது. அன்றிலிருந்து இன்று வரை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் கதவு எத்தனை டிங்கர்களின் கை பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கும், அடித்தட்டு துருப்பிடித்து மாற்றப்பட்டிருக்கும், நடுத்தூணில் எப்போதோ ஒரு இடி வாங்கி நேராக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரே கதவில் மேலே ஐந்து மில்லிமீட்டரும் கீழே பத்து மில்லிமீட்டரும் இடைவெளி இருப்பதில் வியப்பே இல்லை. வரைபடத்தில் இருந்த அளவுக்குச் செய்த பீடிங், அந்த வரைபடத்திலிருந்து விலகிப்போன கதவில் சரியாக உட்காராது.

இடைவெளியை அளக்க, குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண் போதும். பழைய பீடிங்கை முழுவதும் எடுத்துவிட்டு, களிமண்ணைக் கோலிக்குண்டு அளவில் உருட்டி, ஒட்டாமல் இருக்க மெல்லிய பாலிதீன் தாளில் சுற்றி, பீடிங் ஓடும் பாதையில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக வைத்துக் கதவை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். நசுங்கிய ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து ஒரு தாளில் கதவின் படம் போட்டுக் குறித்துக்கொண்டால், எந்தக் கடைக்காரருக்கும் தெரியாத ஒன்று உங்கள் கையில் இருக்கும். ஸ்பான்ஜ் வகை பீடிங் தன் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் நன்றாக அடைக்கும். இடைவெளி எட்டு மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ளது பொருந்தும். அதே பன்னிரண்டு மில்லிமீட்டர் பீடிங், ஆறு மில்லிமீட்டர் உள்ள இடத்தில் பாதியாக அமுங்கும்; பத்து மில்லிமீட்டர் உள்ள இடத்தில் ஆறில் ஒரு பங்குதான் அமுங்கும், ஆனாலும் தொட்டுக்கொண்டிருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் மென்மைதான் பழைய வண்டியின் கதவுக்குத் தேவை. ஒரு கதவிலேயே வேறுபாடு இதைவிட அதிகமாக இருந்தால், பீடிங் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டுக் கீலைச் சரிசெய்யும் டிங்கரிடம் போவதே முறை.

இந்த அளவுகளை வைத்துக்கொண்டு கடையில் கிடைப்பவற்றைப் பார்க்கலாம். மாடல் பெயரில் செட்டாக விற்கப்படும் பீடிங் முதலாவது. அதன் குறுக்குவெட்டு பழைய பீடிங்கை ஒத்திருக்கும், உங்கள் கதவில் அசல் உலோகப் பட்டி அப்படியே இருந்தால் அதில் சிக்கலின்றி உட்காரும், பார்வைக்கும் பொருத்தமாக இருக்கும். ஆனால் இவற்றில் பல, ஸ்பான்ஜாக இல்லாமல் கெட்டி ரப்பராக வருகின்றன. கெட்டி ரப்பர் இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டைக்கூட ஏற்காது. இடைவெளி குறைந்த பக்கம் அது கதவை முட்டித் தள்ள, எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரியும். கதவை ஓங்கி அடித்துச் சாத்தும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. அடிக்க அடிக்கப் பூட்டின் பல்லும், சட்டத்தில் அது மாட்டிக்கொள்ளும் ஸ்ட்ரைக்கரும் தேய்ந்து, கீல் இன்னும் தளர்ந்து, இடைவெளி மேலும் கோணலாகிறது. பட்டி நன்றாக இருந்து, களிமண் அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டாவது, உள்ளே உலோகச் சட்டம் வைத்த, விளிம்பைக் கவ்விக்கொள்ளும் பீடிங். ஒரு பக்கம் கவ்வி, மறுபக்கம் உள்ளீடற்ற குழல். இன்றைய கார்களில் பார்ப்பது இதுதான். பசை வேண்டாம், அரை மணி நேரத்தில் ஒரு கதவை முடித்துவிடலாம் என்பதால் இதற்கு ஈர்ப்பு அதிகம். கவ்வுவதற்கு ஒரே கனமுள்ள தகட்டு விளிம்பு வேண்டும் என்பதே நிபந்தனை. இந்த வகைகள் பொதுவாக ஒன்று முதல் மூன்று, நான்கு மில்லிமீட்டர் வரையிலான விளிம்புக்கே செய்யப்படுகின்றன. தகட்டின் மேல் தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே புட்டி பூசிய பழைய வண்டியின் விளிம்பு சில இடங்களில் அதைத் தாண்டிவிடும்; அங்கே கவ்வி விரிந்து, மற்ற இடங்களில் கழன்று வரும். மேலும், இந்தக் குழல் நவீன கார்களின் பெரிய இடைவெளிக்காக வடிவமைக்கப்பட்டது. கதவில் ஏற்கெனவே ஒட்டு பீடிங் இருக்க, சட்டத்தின் விளிம்பிலும் இதை மாட்டினால் கதவு மூடவே மூடாது. விளிம்பில் அலங்காரமாக ஒரு பீடிங் வேண்டும் என்றால், குழல் இல்லாத வெறும் கவ்வி வகையை வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, மீட்டர் கணக்கில் கிடைக்கும் இபிடிஎம் ஸ்பான்ஜ் பட்டை. அரைவட்ட வடிவிலும் செவ்வக வடிவிலும் பல உயரங்களில் கிடைக்கிறது. கதவுக்கு என் தேர்வு இதுவே. அளந்த இடைவெளிக்கு ஏற்ற உயரத்தை வாங்கலாம், கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் சற்று உயரமானதைக்கூடப் போடலாம், மூலையில் மடங்காமல் வளையும். இதில் கவனிக்க வேண்டியது, உள்ளே இருக்கும் சிறு காற்றறைகள் மூடிய ஸ்பான்ஜா, திறந்த ஸ்பான்ஜா என்பதுதான். விரல் நீளத் துண்டு ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் மூழ்கடித்து, உள்ளேயே சில முறை பிழிந்துவிட்டு வெளியே எடுத்து மீண்டும் பிழிய வேண்டும். வெட்டிய முனையில் ஓரிரு துளி கசிந்தால் பரவாயில்லை. தண்ணீர் கொட்டினால் அது திறந்த ஸ்பான்ஜ். கதவில் ஒட்டினால் மழை நின்ற பிறகும் நாள் கணக்கில் ஈரத்தைத் தகட்டோடு அணைத்து வைத்திருந்து துருவை வளர்க்கும். ஹார்டுவேர் கடைகளில் வீட்டுக் கதவுக்கென்று விற்கும் ஒட்டு ஃபோம் இந்த ரகம். அதைக் காருக்குப் போடவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் உண்டு. இங்கிலாந்தில் பழைய வண்டிகளின் ரப்பர் குறுக்குவெட்டுகளை அளவுப் படத்தோடு பட்டியலிட்டு மீட்டர் கணக்கில் விற்கும் கடைகள் இருக்கின்றன. மோரிஸ் உறவு இருப்பதால் அம்பாசிடருக்குப் பொருந்தும் வடிவங்கள் அங்கே அகப்படலாம். அஞ்சல் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால் பொருளின் விலையை மிஞ்சிவிடும். இதைவிட, ஒரே மாடல் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து, ரப்பரை அச்சு வழியாகத் தள்ளி நீளப் பட்டையாக்கும் (எக்ஸ்ட்ரூஷன்) சிறு ஆலை ஒன்றில் நல்ல மாதிரித் துண்டைக் கொடுத்து, டை எனப்படும் அந்த அச்சை வெட்டச் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. டை செலவு ஒருமுறைதான். குறைந்தபட்ச நீளம் ஒருவருக்கு மிக அதிகம், ஆனால் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் தாங்கும்.

டிக்கிக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. இங்கே மழையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, அது உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சர் புகை அந்தப் பகுதியில் சுழன்றுகொண்டிருக்கும். முன் கண்ணாடிகளை இறக்கி ஓட்டும்போது காருக்குள்ளும் அழுத்தம் குறைவதால், டிக்கி பீடிங்கில் உள்ள இடுக்குகள் வழியாகப் புகை உள்ளே இழுக்கப்படலாம். பெரும்பாலான பழைய வண்டிகளில் பின் இருக்கையின் முதுகுக்கும் டிக்கிக்கும் நடுவே காற்றுப் புகாத தடுப்பு எதுவும் இருக்காது. கார்புரேட்டர் பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு கணிசமாக உண்டு, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீண்ட பயணத்தில் பின் இருக்கையில் இருப்பவருக்குத் தொடர்ந்து தலைவலியும் குமட்டலும் வந்தால், பயண அலுப்பு என்று விட்டுவிடாமல் முதலில் டிக்கி பீடிங்கையும் சைலன்சர் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். டிக்கியில் கேஸ் சிலிண்டர் வைத்த வண்டியென்றால், கசியும் வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கியை இறுக்கமாக அடைக்கலாம்.

எனவே டிக்கிக்கு மென்மையைவிட, இடைவிடாத தொடுதல்தான் முக்கியம். மூடியின் எடையும் பூட்டின் இழுப்பும் ஒரே திசையில் அமுக்குவதால், கதவைவிடச் சற்றுக் கெட்டியான பீடிங்கை இது தாங்கும். டிக்கி வாயைச் சுற்றிய தகட்டு விளிம்பு நேராகவும் துருவின்றியும் இருந்தால், கதவுக்கு நான் வேண்டாம் என்ற அந்தக் கவ்வும் குழல் பீடிங்கே இங்கே சிறந்தது, குழல் இபிடிஎம்மாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் பீடிங் மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தாலோ, விளிம்பு தின்னப்பட்டிருந்தாலோ, மாடல் செட் அல்லது உயரமான ஸ்பான்ஜ் பட்டையைப் பசையால் ஒட்டிக்கொள்ளலாம். இணைப்பு எப்போதும் கீழ்ப்பக்கத்தில், பூட்டுக்கு அருகே வர வேண்டும். கீல் பக்கத்தில் வைத்தால் பின் கண்ணாடியிலிருந்து வழிந்து வரும் நீர் நேரே அதன் மேல்தான் இறங்கும். கவ்வி வகையை வெட்டும்போது வெளித்தெரியும் உலோக முனையில் ஒரு துளி பெயின்ட் வைக்காவிட்டால், துரு அங்கிருந்தே தொடங்கும்.

ஒட்டும் வேலையில் பாதிக்கு மேல் தயாரிப்புதான். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்தால், கதவின் கீழ் மூலைகளில் துரு தெரியாத வண்டி அரிது. அதைத் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து, நன்றாகக் காய்ந்து இறுகிய பிறகே பீடிங் வைக்க வேண்டும். பச்சைப் பெயின்டின் மேல் ரப்பர் அமர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், வெள்ளை வண்டியில் பழுப்புக் கறையும் படியும். இபிடிஎம்மின் ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தின்னரால் துடைத்து, அந்த ரப்பருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பசையை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்த வேண்டும். சுருளை இழுத்துப் பிடித்து ஒட்டுவது பலருக்கும் இயல்பாக வருகிறது. இழுத்து ஒட்டிய ரப்பர் சில வாரங்களில் தன் அளவுக்குச் சுருங்கி இணைப்பில் வாய் திறக்கும், மூலைகளில் எழும்பி நிற்கும். ஆகவே சற்றுத் தளர்வாக உள்ளே தள்ளித் தள்ளி ஒட்டி, முடிவில் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, முனைகளை ஒன்றோடொன்று முட்டவைத்து ஃபெவிக்விக் வகைப் பசையால் இணைக்க வேண்டும்.

ஒட்டிய கதவை ஓர் இரவு மூடியே வைத்துவிட்டு, மறுநாள் பீடிங் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து ஒருமுறை மூடித் திறந்தால், சட்டத்தில் படியும் வெள்ளைக் கோடு எங்கே அறுகிறதோ அங்கே தொடுதல் இல்லை. கோடு முழுமையாக இருந்தும் கதவு இரண்டு வாரத்துக்குப் பின்னும் கடினமாக மூடினால், ஸ்ட்ரைக்கரை ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்த்திப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் உயரம் குறைந்த பட்டையை வாங்கி மாற்றிவிட வேண்டும், ஓங்கி அடித்துப் பழக்கக் கூடாது. பராமரிப்புக்கு ஈரத்துணியால் துடைப்பதும், எப்போதாவது சிலிக்கான் கிரீஸை மிக மெலிதாகத் தடவுவதும் போதும். வாசலினும் எஞ்சின் ஆயிலும் இபிடிஎம்மைக் கெடுக்கும். பெயின்ட் வேலை பாக்கி இருக்கும் வண்டியில் அந்த சிலிக்கானையும் தள்ளிவைக்க வேண்டும். தகட்டில் அது துளி பட்டிருந்தாலும் புதுப் பெயின்டில் வட்ட வட்டமாகக் குழி விழும்.